கார்பஸ் ஃபண்டுல ஒரு பங்கை மழைக்குப் போடுங்க: சென்னை அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில இருக்கற எல்லா அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கும் வணக்கம்.

நான் திருவான்மியூர்ல 36 வீடு இருக்கற ஒரு கட்டடத்துல குடியிருக்கேன். மூணு வருஷம் பொருளாளரா இருந்தேன், அதனால உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். லிஃப்ட் ஏஎம்சி, வாட்ச்மேன் சம்பளம், பெயின்ட்டிங், எத்தனை தடவை கேட்டாலும் மெயின்டெனன்ஸ் கட்டாத ரெண்டு மூணு வீடு, ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல வர்ற கம்ப்ளெய்ன்ட், இத்தனைக்கும் நடுவுல இன்னொரு வேலையைத் தூக்கிட்டு வந்திருக்கேன்னு கோச்சுக்காதீங்க. பேங்க்ல எஃப்டியா போட்டு வெச்சிருக்கீங்களே கார்பஸ் ஃபண்ட், பெரிய செலவுக்குன்னு எல்லா வீட்டுலயும் வாங்கிச் சேர்த்த பணம், அதுல ஒரு பங்கை எடுத்து உங்க கட்டடத்துக்குக் கீழ மண்ணுக்குள்ள இருக்கற தண்ணிக்குப் போடுங்க. இந்த வருஷ மழைக்கு முன்னாடியே போடுங்க. நான் கேக்கறது இவ்ளோதான், ஏன் கேக்கறேன்னு சொல்லத்தான் மீதி எல்லாம்.

2019 ஜூன் மாசத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் சேர்ந்தா பதினோரு டிஎம்சிக்கு மேல பிடிக்கும், அந்த மாசம் நாலையும் சேர்த்தா ஒரு சதவீதம் கூட இல்ல. செம்பரம்பாக்கத்துல வெடிச்ச மண்ணு மேல பசங்க நடந்து போற போட்டோ உலகம் பூரா போச்சு. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு, 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கேக்கறதுக்கு நிறைய மாதிரி இருக்கும். ஆனா தண்ணியைக் குறைச்சு குறைச்சு விட்ட அந்த நேரத்துல கூட மெட்ரோ வாட்டர் ஒரு நாளைக்கு சுமார் 5250 லட்சம் லிட்டர் கொடுத்துட்டு இருந்தாங்க, அதுல இந்த ரயில் தண்ணி எந்த மூலைக்கு?

எங்க கட்டடத்துல அப்போ நான்தான் பொருளாளர். விடியக்காலை மூணு மணிக்கு லாரி வரும், நைட்டி மேல துப்பட்டாவைப் போட்டுட்டு டார்ச் எடுத்துட்டு கீழ இறங்கி, சம்ப்புல ஹோஸை விட்டதும் லாரிக்குப் பின்னாடி கண்ணாடிக் குழாய்ல லெவல் இறங்குதான்னு பார்த்துட்டு நிப்பேன், ஏன்னா பாதி லோடை வேற எங்கயோ இறக்கிட்டு வந்ததெல்லாம் நடந்திருக்கு. டிரைவர் தம்பிக்கு இருபத்தி ரெண்டு வயசு இருக்கும், தூங்கி ரெண்டு நாள் ஆச்சுக்கான்னு சொல்லிட்டு ஸ்டியரிங்ல தலையைச் சாய்ச்சுடுவான். தண்ணி எங்கிருந்துப்பா வருதுன்னு ஒரு நாள் கேட்டேன். செங்கல்பட்டு பக்கம் ஒரு வயல் கிணறுன்னு சொன்னான். அந்த வயல்ல அந்த வருஷம் என்ன போட்டிருப்பாங்க, பக்கத்து வயல்காரங்க கிணறு என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுட்டே மேல வந்து படுத்தேன், தூக்கம் வரல.

அந்த ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் லாரிக்கு மட்டும் நாங்க கொடுத்தது கிட்டத்தட்ட ஒரு வருஷ மெயின்டெனன்ஸ். எங்கிருந்து கொடுத்தோம்? எஃப்டியை உடைச்சுத்தான் கொடுத்தோம். அதனாலதான் பணம் பேங்க்ல பத்திரமா இருக்குன்னு யாராவது சொன்னா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. கீழ தண்ணி இல்லன்னா அந்தப் பணம் லாரிக்காரங்களுக்குக் கொடுக்க எடுத்து வெச்ச பணம்தான், வட்டி எவ்ளோ வந்தா என்ன.

இதுக்கு மூணரை வருஷம் முன்னாடி, 2015 டிசம்பர் 1ஆம் தேதி, இதே ஊர் மூழ்கிக் கிடந்துச்சு. தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்துல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டாங்க. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர்ல எல்லாம் போட் போச்சு. அந்தத் தண்ணி எல்லாம் கடலுக்குத்தான போச்சு. 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்து மரத்தை எல்லாம் சாய்ச்சுட்டுப் போச்சே தவிர அந்த வருஷப் பருவமழை பொய்ச்சுப் போச்சு, 2017ல சிக்கராயபுரம் கல்குவாரி குட்டையில இருந்து எடுத்து சுத்தம் பண்ணி ஊருக்குக் கொடுத்தாங்க, 2018ம் சரியில்ல, 2019ல ரயில். இதைப் பார்த்துட்டு சென்னையில மழை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. இங்க சராசரியா வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டர் பெய்யுது, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, அதுவும் எண்ணி கொஞ்ச நாள்ல மொத்தமா கொட்டிட்டுப் போயிடுது. அந்தக் கொஞ்ச நாள்ல பிடிச்சாதான் உண்டு.

உங்க மொட்டை மாடிக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, நான் ஏஜிஎம்ல, அதாவது வருஷாந்தரப் பொதுக்கூட்டத்துல, சாக்பீஸால தரையில எழுதிக் காட்டின கணக்குதான் இது. 1000 சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா 930 லிட்டர். வருஷம் பூரா பெய்யற 1400 மில்லிமீட்டருக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். அதுல அஞ்சுல ஒரு பங்கு ஆவியாவும் வழிஞ்சும் போனாலும் 1 லட்சம் லிட்டர் மிஞ்சும். உங்க மாடி 10,000 சதுர அடின்னா 10 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில எண்பது லோடுக்கு மேல. இந்த எண்பது லோடையும் வருஷா வருஷம் நம்மளே பைப் போட்டு ரோட்டுக்கு விட்டுட்டு, ரோட்டுல முழங்கால் தண்ணி நிக்குதுன்னு கார்ப்பரேஷனுக்குப் போன் பண்றோம். ஏப்ரல் வந்ததும் லாரிக்காரருக்குப் போன் பண்றோம்.

அரசாங்கம் ஒண்ணும் பண்ணலன்னு சொல்ல மாட்டேன். கிருஷ்ணா தண்ணிக்கு 1983ல ஒப்பந்தம் போட்டு 1996ல தண்ணி வந்துச்சு, வீராணத்துல இருந்து 2004ல குழாய்ல வந்துச்சு. மீஞ்சூர் பக்கம் 2010ல, நெம்மேலியில 2013ல கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கற பிளான்ட், நாளைக்குப் பத்து பத்து கோடி லிட்டர், 2024ல நெம்மேலியிலயே இன்னொண்ணு பதினஞ்சு கோடி லிட்டருக்கு. இதெல்லாம் வேணும்தான், இது இல்லன்னா 2019ல நம்ம நிலைமை இன்னும் மோசமாயிருக்கும். ஆனா கடல்தண்ணியைச் சுத்தம் பண்ண ஆயிரம் லிட்டருக்கு மூணு நாலு யூனிட் கரண்ட் போகுது. மழை நம்ம மாடிக்கே வந்து இறங்குது.

மீஞ்சூரைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். அந்தப் பக்கம் கொசஸ்தலை, ஆரணி ஆத்துப் படுகையில ஒரு காலத்துல அருமையான நிலத்தடி நீர். 1960கள்ல இருந்து ஊருக்கும் ஃபேக்டரிக்கும் விவசாயத்துக்கும் போர் போட்டு எடுத்தோம், எடுத்தோம், திரும்பப் போடவே இல்ல. மண்ணுக்குள்ள நல்ல தண்ணி மட்டம் இறங்க இறங்க கடல் உள்ள வந்துடுச்சு, பல கிலோமீட்டருக்கு கிணத்துத் தண்ணி உப்பாச்சு. அதே மீஞ்சூர் பக்கம்தான் அப்புறம் முதல் பெரிய பிளான்ட் கட்டி கடல்தண்ணியை உப்பெடுத்துக் குடிக்கறோம். கடற்கரையை ஒட்டி இருக்கற நம்ம எல்லாருக்கும் இது நடக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரைன்னு கோவளம் வரைக்கும் மணல்ல நிக்கற மழைத்தண்ணிதான் கடலை வெளியில தள்ளி வெச்சிருக்கு. நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம், அதனால மேல இது மிதக்குது. மேல ஒரு அடி குறைஞ்சா அடியில உப்பு மட்டம் நாப்பது அடி வரைக்கும் ஏறும்னு ஒரு கணக்கே இருக்கு. அதுக்கப்புறம் போரை இன்னும் ஆழமா போட்டா நம்மளே போய் உப்பைத் தொட்டுக்கறோம். போன மாசம் கூட எங்க ஏரியாவுல ஒரு கட்டடத்துல தண்ணி வரலன்னு ராத்திரியோட ராத்திரியா புது போர் இறக்கினாங்க, வண்டி சத்தத்துல தெருவே தூங்கல, வந்தது வாயில வெக்க முடியாத தண்ணி.

சரி, நம்ம கட்டடத்துலதான் மழைநீர் சேகரிப்பு இருக்கே, சட்டப்படி கட்டினதுதானேன்னு கேப்பீங்க. 2003ல தமிழ்நாடு பூரா எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்க, நாட்டுக்கே முன்னோடியா இருந்த சட்டம் அது. அதுக்கு முன்னாடியே மழைநீர் ஆர்வலர் சேகர் ராகவன் சார் வீடு வீடா போய் சொல்லிட்டு இருந்தார், 2002ல மந்தைவெளியில மழைநீருக்குன்னே ஒரு மையம் வந்துச்சு, யார் வேணா போய்ப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு. சட்டமும் இருக்கு, சொல்லித் தர ஆளும் இருக்காங்க. இல்லாதது நம்ம கட்டடத்து மூடியைத் திறந்து பார்க்கற ஆளுதான். தயவுசெஞ்சு நாளைக்குக் காலையில போய் உங்க பிட், அதாவது மழைத்தண்ணியை மண்ணுக்குள்ள இறக்கற குழி, அதோட மூடியைத் திறந்து பாருங்க. நாங்க திறந்தப்போ உள்ள சேறு, பால் கவர், காஞ்ச இலை, சிமென்ட் சாக்கு, ஒரு செருப்பு. தண்ணி இறங்க வழியே இல்ல. ஒரு பிட் மேல டைல்ஸே ஒட்டியிருந்தாங்க, அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆச்சு.

எங்க கட்டடம் வர்றதுக்கு முன்னாடி அங்க ரெண்டு தனி வீடு இருந்துச்சு. அதுல ஒரு வீட்டுக்காரரோட மகன், இப்போ எழுபது வயசு தாண்டினவர், எங்க பி பிளாக்லதான் இருக்கார். "பார்க்கிங்ல பதினொண்ணாம் நம்பர் கார் நிக்கற இடத்துல கிணறு இருந்துச்சும்மா, ஐப்பசி கார்த்திகையில வாளி போட்டா கயிறு ரெண்டு முழம் கூட இறங்காது"ன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்லுவார், யாரும் காதுல வாங்கல, நானும் வாங்கல, அது எனக்கு இன்னைக்கும் உறுத்தலா இருக்கு. 2019 ஜூலையில வேற வழி இல்லாம ஸ்லாபை உடைச்சோம். இருந்துச்சு. இருபத்தி நாலு அடி கிணறு, செங்கல் சுத்து, பாதிக்கு மேல கட்டட இடிபாடு.

மூடி வெச்ச கிணத்துல விஷவாயு இருக்கும், அதனால ரெண்டு நாள் திறந்து போட்டு, ப்ளோயர் வெச்சு காத்து அனுப்பி, இடுப்புல கயிறு கட்டித்தான் ஆளை இறக்கினோம், இதுல மட்டும் யாரும் அவசரப்படாதீங்க, ஒரு உயிர் போச்சுன்னா எந்தத் தண்ணி வந்து என்ன. மூணு பேர் நாலு நாள் தூர் வாரினாங்க. ஓட்டு உடைசல், டைல்ஸ் துண்டு, கம்பி, அன்னக்கூடை அன்னக்கூடையா மேல வந்துட்டே இருந்துச்சு. நாலாவது நாள் மத்தியானம் உள்ள இருந்து "ஈரம் வருதுக்கா"ன்னு ஒரு குரல். அடுத்து மேல வந்த கூடையில கறுப்பா, சில்லுனு ஈர மணல். அந்தப் பெரியவர் அதைக் கையில எடுத்துப் பிழிஞ்சு பார்த்துட்டு ஒண்ணுமே பேசாம வெச்சுட்டுப் போயிட்டார்.

அப்புறம் மாடியில இருந்து வர்ற மழைத்தண்ணி பைப் எட்டையும் ஒண்ணா சேர்த்து, நடுவுல ஜல்லி, கூழாங்கல், மணல் போட்ட ஒரு ஃபில்டர் தொட்டி வழியா கிணத்துல விட்டோம். முதல் மழை மாடி அழுக்கைக் கழுவிட்டு வரும், அது உள்ள போகாம வெளியில திருப்பி விட ஒரு வால்வு. அக்டோபர்ல ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், நல்ல மழை. குடையை எடுத்துட்டுக் கீழ போனேன், எனக்கு முன்னாடியே அஞ்சாறு பேர் கிணத்துக் கம்பி வலையைச் சுத்தி நிக்கறாங்க. இருட்டுல உள்ள இருந்து தண்ணி விழற சத்தம், மாசக்கணக்கா லாரி சத்தம் மட்டுமே கேட்ட காதுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு எழுதத் தெரியல. காலையில கயித்துல கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தோம், எட்டடி தண்ணி. மே மாசம் எங்க போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 1900க்கு மேல, டிசம்பர் கடைசியில பார்த்தப்போ 700க்குக் கீழ. அடுத்த கோடையில லாரி வரவே இல்லன்னு சொல்ல மாட்டேன், வந்துச்சு, ஆனா ஒரு கையால எண்ணிடலாம்.

இனி மீட்டிங்ல கண்டிப்பா வர்ற கேள்வி. நம்ம காசைப் போட்டு தண்ணியை இறக்கினா அது பக்கத்து கட்டடத்து போருக்குத்தான போகும்? எங்க மீட்டிங்ல இதைக் கேட்டவர் ஒரு பேங்க் ஆபீசர், தப்பான கேள்வி இல்ல. ஆமா, போகும். காம்பவுண்ட் சுவர் நாலடி ஆழம்தான் இருக்கு, அதுக்குக் கீழ எல்லாம் ஒரே மணல், ஒரே தண்ணி. நம்ம இறக்கறது அவங்களுக்குப் போகும், அவங்க உறிஞ்சறது நம்மகிட்ட இருந்தும் போகும், இப்பவே போயிட்டுதான் இருக்கு. ஒரே பேங்க் அக்கவுன்ட்டுக்கு ஒன்பது கட்டடத்துக்கு ஏடிஎம் கார்டு இருக்கு, எல்லாரும் எடுக்கறோம், மத்தவன் எடுத்துடுவானேன்னு யாரும் போட மாட்டேங்கறோம். எனக்குத் தெரிஞ்சு சென்னையில இந்த வேலை நடக்காம நிக்கறதுக்குப் பணத்தை விட இந்தக் கணக்குதான் காரணம். அதனாலதான் தனித்தனியா உங்களுக்கு எழுதாம எல்லா அசோசியேஷனுக்கும் சேர்த்து எழுதறேன். தெருவா சேர்ந்து போடுங்க. எங்க தெருவுல ஒன்பது கட்டடம், பேசிப் பேசி இப்போ அஞ்சு கட்டடம் பண்ணியிருக்கு. அந்த அஞ்சுல ஒண்ணு முன்னாடி எங்களோட பார்க்கிங் தகராறுல போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போன கட்டடம், இப்போ அவங்க பொருளாளரும் நானும் சேர்ந்து ஜல்லி வாங்கப் போறோம்.

எல்லா ஏரியாவுக்கும் ஒரே வேலை சரிப்படாது, மண்ணைப் பார்த்துத்தான் செய்யணும். எங்களை மாதிரி மணல்னா சாதாரண பிட் போதும், சீக்கிரம் உள்ள இழுத்துடும். அண்ணா நகர், முகப்பேர் பக்கம் களிமண், அங்க மேலாக பிட் வெட்டினா தண்ணி தேங்கி நிக்கும், களிமண்ணைத் தாண்டி மணல் வர்ற ஆழம் வரைக்கும் இறக்கணும். ஆதம்பாக்கம், வேளச்சேரி, பரங்கிமலை பக்கம் அடியில பாறை, அங்க உறை கிணறு மாதிரி அகலமா வெட்டி தண்ணியை நிறுத்தி மெதுவா இறங்க விடணும், உறைக்கு அடியில கான்கிரீட் போடாதீங்க. டிரைவ்வேயில ஓடற தண்ணியில வண்டி ஆயில் எல்லாம் கலந்திருக்கும், அதை நேரா போர்ல விடவே கூடாது. செப்டிக் டேங்க், டிரெய்னேஜ் சேம்பர் பக்கத்துல பிட் வெட்டக் கூடாது. பெரிய காம்ப்ளெக்ஸ்ல எஸ்டிபி தண்ணியை, அதாவது கழிவுநீரைச் சுத்தம் பண்ணி வர்ற தண்ணியை, டாய்லெட்டுக்கும் செடிக்கும் விட்டாலே லாரி குறையும். கோயம்பேட்டுலயும் கொடுங்கையூர்லயும் 2019ல இருந்து ஊர்க் கழிவுநீரையே சுத்தம் பண்ணி ஃபேக்டரிகளுக்கு விக்கறாங்க, நாளைக்கு நாலரை கோடி லிட்டர் பிளான்ட் ஒவ்வொண்ணும், நம்ம வளாகத்துல முடியாதா என்ன. அப்புறம் வீட்டுக்கு வீடு மீட்டர். லாரி காசைச் சமமா பங்கு போடற வரைக்கும் யாரும் குழாயை மூட மாட்டாங்க, இதுல நான் நிறைய சண்டை பார்த்துட்டேன், இங்க நீட்டல.

செலவைச் சொல்லணும்ல. கிணறு தூர் வாரினது, பைப், ஃபில்டர் தொட்டி, கூலி எல்லாம் சேர்த்து நாங்க 2019ல லாரிக்குக் கொடுத்ததுல கால் பங்கு கூட ஆகல. வருஷா வருஷம் செப்டம்பர்ல ஃபில்டர் மணலை எடுத்துக் கழுவிப் போடணும், மாடியைக் கூட்டணும், அதுக்கு ஒரு சின்னத் தொகையை பட்ஜெட்ல தனியா எழுதி வெச்சிருக்கோம், யார் பொருளாளரா வந்தாலும் அதுல கை வெக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். இதை நீங்களும் கண்டிப்பா பண்ணுங்க, ஏன்னா நல்ல மழை பெஞ்ச ரெண்டு வருஷத்துல எல்லாரும் மறந்துடுவோம், மூடி மேல மறுபடியும் கார் வந்து நின்னுடும். ஃப்ளாட் வாங்க வர்றவங்க இப்போ முதல் கேள்வியே தண்ணி எப்படின்னுதான் கேக்கறாங்க. எங்க கட்டடத்துல போன வருஷம் ஒரு வீடு வித்தாங்க, வாங்க வந்த தம்பதியை அந்த ஓனர் முதல்ல கூட்டிட்டுப் போனது கிணத்துகிட்டதான், ஹாலுக்கு அப்புறம்தான் போனாங்க.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20ஐ ஒட்டி ஆரம்பிக்கும். ஏஜிஎம் கூட்டி, மூணு கொட்டேஷன் வாங்கி, தீர்மானம் போட்டு எல்லாம் பண்ண நாள் இல்லன்னா பரவாயில்ல, இருக்கற பிட் மூடியைத் திறந்து சேறை அள்ளுங்க, அடைச்ச பைப்பைச் சரி பண்ணுங்க, இந்த வருஷத்துக்கு அதுவே பெரிசு. கிணறு, உறை எல்லாம் ஜனவரியில பேசி அடுத்த கோடைக்குள்ள முடிக்கலாம்.

எங்க தெருவுல இன்னும் பண்ணாத நாலு கட்டடத்துக்காரங்களுக்கு: செப்டம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு எங்க ஃபில்டர் தொட்டி மணலைக் கழுவறோம், எட்டு மணிக்கு முடிஞ்சுடும், அதுக்கப்புறம் நேரா உங்க கட்டடத்துக்கு வந்து மூடியைத் திறக்க நாங்க பத்து பேர் ரெடி. கடப்பாரை, மண்வெட்டி, அன்னக்கூடை எங்ககிட்ட இருக்கு. பிட் எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தரை மட்டும் கீழ வரச் சொல்லுங்க, தெரியாதுன்னா சேர்ந்து தேடுவோம்.